ஆசிரியைகளை உருவாக்கிய பேகம் ரொகேயா

இன்றைய பங்களாதேஷின் பைராபந்த் கிராமத்தில் 1880 இல் பிறந்தவர் ரொகேயா. அவர் வீட்டுப் பெண்களுக்குப் பாடசாலைப் படிப்புக் கிடையாது. ஊர் உறங்கிய பின், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூத்த நானா இப்ராஹீம் ஆங்கிலம் கற்றுக் கொடுத்தார்.

1905 இல் வெளிவந்த அவரது 'சுல்தானாவின் கனவு' வேடிக்கையான கதைதான். அதில் பெண்கள் வீதியில் அச்சமின்றி நடமாடுவர். ஆண்கள் வீட்டுக்குள் இருப்பர். தீங்கு செய்பவனை வெளியே விட்டுவிட்டு, அஞ்சுபவளை ஏன் பூட்டி வைக்கிறீர்கள் என்பதே அந்த வேடிக்கைக்குள் இருந்த கேள்வி. பாதிக்கப்பட்ட பிள்ளையிடமே, அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய் என்று விசாரிக்கும் நாம் இன்னும் அதற்கு விடை சொல்லவில்லை.

கணவர் சகாவத் ஹுசைன் 1909 இல் காலமானார். 1911 இல் கல்கத்தாவில் அவர் பெயரால் எட்டு மாணவியருடன் பாடசாலை ஆரம்பமாயிற்று. பிள்ளைகளைச் சேர்ப்பதைவிடக் கஷ்டமாயிருந்தது படிப்பிக்கப் பெண்களைத் தேடுவது. வகுப்பறையில் ஒருநாளும் இருந்து படித்திராத ரொகேயா, பிற பாடசாலைகளுக்குப் போய்க் கற்பிக்கும் முறையைக் கவனித்தார். மதராஸ், கயா, ஆக்ரா முதலிய இடங்களிலிருந்து ஆசிரியைகளை வரவழைத்தார். அவர் ஓயாது வற்புறுத்தியதன் பின், 1919 இல் முஸ்லிம் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பாடசாலையை அரசாங்கம் அங்கே நிறுவியது.

1924 இல் வந்த 'பத்மராகம்' நாவலிலும் இதே எண்ணம்தான். கணவராலும் உறவினராலும் துன்புறுத்தப்பட்ட பல மதப் பெண்கள் தாரிணி பவனத்தில் ஒன்றாக வாழ்கிறார்கள். பரிதாபத்துக்குரியவர்களாக அவர்களை ரொகேயா விட்டுவிடவில்லை. அங்குள்ள பாடசாலையில் படிப்பிப்பவர்களும் நோயாளரைப் பராமரிப்பவர்களும் அவர்களே.

1932 டிசம்பர் 9 அதிகாலை அவர் வபாத்தானார். பெண்ணின் உரிமை பற்றி முதல்நாளிரவு எழுதிய கட்டுரை முடியாமல் மேசையில் இருந்தது.