குதிரையைக் கொடுத்து வென்றவர்



நம்ம திருவாலங்காட்டுக் கதை எல்லோருக்கும் தெரியும். சிவனும் காளியும் போட்டி போட்டு ஆடினார்கள். இரண்டு பேரும் சரிசமம். கடைசியில், கீழே விழுந்த குண்டலத்தைச் சிவன் காலாலேயே எடுத்துக் காதில் மாட்டினார். அந்த ஓர் அசைவுக்குக் காளியால் பதில் ஆட முடியவில்லை. சதுரங்கப் பலகையில் அப்படிப்பட்ட அசைவுகளை வாழ்நாள் முழுக்க ஆடிக் காட்டிய ஒருவர் உண்டு. அவர்தான் மிகைல் தால்!

1936 நவம்பர் 9-ல் லாத்வியா நாட்டின் ரீகா நகரில் பிறந்தார். அப்பா டாக்டர். அவர் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே செஸ் கற்றுக்கொண்டார். பிறவியிலேயே வலது கையில் மூன்று விரல்தான். ஆனாலும் பியானோ வாசித்தார். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்தார். 1957, 1958 என்று அடுத்தடுத்து சோவியத் சாம்பியன் ஆனார். உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் போட்டி 1959-ல் யுகோஸ்லாவியாவில் நடந்தது. அதில் 16 வயது பாபி பிஷரை நான்கு ஆட்டத்திலும் தோற்கடித்து, முதலிடத்தையும் பிடித்தார்.

1960-ல் மாஸ்கோவில் உலகப் போட்டி. எதிரே மிகைல் பொட்வின்னிக். அவர் யார் தெரியுமா? நம்ம இனம், எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்! டிராயிங் போடுகிற மாதிரி அளந்து அளந்து ஆடுகிறவர். தாலுக்கு வயது 23, அவருக்கு 48.

ஆறாவது ஆட்டம். தாலுக்குக் கறுப்புக் காய். 21-ஆவது நகர்த்தலில் தன் குதிரையைக் கொண்டுபோய் எதிரிச் சிப்பாயின் வாயிலேயே நிறுத்தினார். அரங்கத்தில் ஒரே கூச்சல்! சத்தம் அடங்காததால் ஆட்டத்தையே பின்பக்கத்து அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

பொட்வின்னிக் குதிரையை வெட்டினார். தால் அந்த இடத்தைச் சிப்பாயால் வெட்ட, மூலையில் அடைபட்டுக் கிடந்த அவருடைய பிஷப்புக்கு நீளமான வழி திறந்துவிட்டது. கொடுத்தது ஒரு காய். திறந்தது ஒரு பாதை. 25-ஆவது நகர்த்தலில் பொட்வின்னிக் பிஷப்பால் சிப்பாயை வெட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அவரோ யானையால் ராணியை வெட்டினார். தாலும் பதிலுக்கு ராணியை வெட்டினார். 47-ஆவது நகர்த்தலில் ஆட்டம் தாலுக்கு!

அப்படியென்றால் தால் போட்டது தப்புக் கணக்கா? பேப்பரில் தப்புத்தான். ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிராளியிடம் கஷ்டமான கேள்வியைப் போடுவதுதான் அவர் ஆட்டம். வைவா முடிந்து வெளியே வந்த பிறகு எல்லாப் பதிலும் ஞாபகம் வரும் இல்லையா, அதே கதைதான். 12½–8½ என்ற கணக்கில் உலக சாம்பியன் ஆனார். அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் அந்தப் பட்டம் வாங்கியதில்லை.

அடுத்த வருடமே பட்டம் போச்சு. மறுபோட்டியில் பொட்வின்னிக் 13–8 என்று ஜெயித்தார். தாலுக்கு சிறுநீரகக் கோளாறு. 1962-ல் குராசோ போட்டியின் பாதியிலேயே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். 1969-ல் ஒரு சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். இத்தோடு முடிந்தது என்று நினைப்போம். இல்லை! 1973, 74-ல் தொடர்ந்து 95 ஆட்டங்கள் தோற்காமல் ஆடினார். அந்தச் சாதனை 2018 வரை நின்றது. 1988-ல், 51 வயதில், உலக பிளிட்ஸ் சாம்பியன். 1992 மே மாதம், உடம்பு முடியாத நிலையிலும் மாஸ்கோ பிளிட்ஸ் போட்டியில் காஸ்பரோவைத் தோற்கடித்தார். அடுத்த மாதம், ஜூன் 28-ல் காலமானார். வயது 55.

அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் மானுவல் ஆரோன் தொடங்கிய செஸ் கிளப்புக்குத் தாலின் பெயரைத்தான் வைத்தார்கள். விஸ்வநாதன் ஆனந்த் சிறுவயதில் ஆடிப் பழகியது அங்கேதான். 2024-ல் 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷும் சென்னைப் பையன்தான்.

எனக்கும் அதே 18 வயது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். என் முதல் ஃபீஸுக்காக அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஏதாவது போயிருக்கும்: ஓர் ஆடு, அரைக் காணி, கும்மிடிப்பூண்டி கம்பெனியில் அப்பா பார்க்கும் ஓவர்டைமில் அவர் தூக்கம். அதெல்லாம் நமக்காக அவர்கள் கொடுத்த குதிரைகள். குதிரையைக் கொடுத்ததால் மட்டும் தால் ஜெயிக்கவில்லை. திறந்த வழியில் அதற்கப்புறமும் உட்கார்ந்து ஆடினார். நமக்கும் வழி திறந்தாச்சு நண்பர்களே. இனி நகர்த்த வேண்டியது நாம்தான்!

— இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்