மஞ்சள் உடையில் வந்த இல்லத்தரசி: யார் இந்த கோரி அக்கினோ?

பிலிப்பீன்ஸ் ஆர்ப்பாட்டப் படங்களில் மஞ்சள் நிறத்தைக் கவனிச்சிருக்கீங்களா? அந்த நிறத்தோடு சேர்ந்தே நினைவுக்கு வரும் பெயர், கோரஸோன் அக்கினோ. மக்களுக்கு அவர் 'கோரி'.

1933இல் செல்வாக்குள்ள நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தார். நியூயார்க்கில் படித்தார். 1954இல் நினோய் அக்கினோவை மணந்தார். கணவர் மேடையில், இவர் ஐந்து பிள்ளைகளோடு வீட்டில்.

1972இல் அதிபர் மார்க்கோஸ் ராணுவச் சட்டத்தை அறிவித்ததும் நினோய் கைதானார். ஏழு ஆண்டுக்கும் மேல் சிறை. பிறகு சிகிச்சைக்காக அமெரிக்கா சென்றவர், 1983 ஆகஸ்ட் 21ஆம் தேதி நாடு திரும்பினார். மணிலா விமான நிலையத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

1985 இறுதியில் மார்க்கோஸ் திடீர்த் தேர்தலை அறிவித்தார். பத்து லட்சம் பேர் கையெழுத்துப் போட்டால் நிற்கிறேன் என்றார் கோரி. போட்டுட்டாங்க! அனுபவம் இல்லாதவர் என்று மார்க்கோஸ் கேலி செய்தபோது கோரி மறுக்கவில்லை. பொய் சொல்லவும் திருடவும் தனக்கு அனுபவம் இல்லைதான் என்றார்.

1986 பிப்ரவரி 7, வாக்களிப்பு. இனிதான் குழப்பமே. தேர்தல் ஆணையத்தின் கணக்கில் மார்க்கோஸ் முன்னிலை. தொண்டூழியர்களின் கணக்கில் கோரி. இரண்டு நாள் கழித்து, ஆணையத்தின் கணினி ஊழியர்கள் சுமார் 30 பேர் வேலையை விட்டு எழுந்து வெளியேறினார்கள். தாங்கள் பதிவு செய்த எண்களும் பலகையில் வந்த எண்களும் ஒத்துப்போகவில்லை என்பது அவர்கள் புகார். சர்வாதிகார ஆட்சியில் அப்படி எழுந்து நடக்க எவ்வளவு துணிச்சல் வேணும், யோசிச்சுப் பாருங்க.

ஆனாலும் நாடாளுமன்றம் மார்க்கோஸே வென்றதாக அறிவித்தது. அவரது நண்பர்களின் வங்கிகளையும் பொருள்களையும் புறக்கணிக்கச் சொன்னார் கோரி. பிப்ரவரி 22ஆம் தேதி, தற்காப்பு அமைச்சர் என்ரிலேயும் ஜெனரல் ராமோஸும் மார்க்கோஸைக் கைவிட்டார்கள். அவர்களைப் பாதுகாக்க வாருங்கள் என்று கார்டினல் சின் வானொலியில் அழைத்ததும் எட்சா சாலை மக்களால் நிரம்பியது. கன்னிகாஸ்திரீகள் கவச வாகனங்களுக்கு முன் மண்டியிட்டு ஜெபமாலை சொன்னார்கள். வாகனங்கள் நின்றன.

பிப்ரவரி 25ஆம் தேதி இருவருமே அதிபராகப் பதவியேற்றார்கள், வெவ்வேறு இடங்களில்! அன்றிரவே மார்க்கோஸ் அரண்மனையை விட்டு வெளியேறினார்.

ஆட்சி எளிதாக இல்லை. புதிய அரசமைப்பு வந்தது; அதிபருக்கு ஒரே தவணைதான். ஆனால் பல ராணுவக் கவிழ்ப்பு முயற்சிகள். நிலச் சீர்திருத்தமோ அரைகுறை. அவர் குடும்பத்தின் கரும்புத் தோட்டமே அதிலிருந்து நழுவியது. அந்தக் குறை அவருடையதுதான். 1992இல் தவணை முடிந்து பதவியிலிருந்து இறங்கினார்.

2009 ஆகஸ்ட்டில் புற்றுநோயால் காலமானார். அஞ்சலி செலுத்த வந்தவர்களில் மார்க்கோஸின் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் 2022இல் அதிபரானார்.