நகரவையில் ஒரு மறுப்பு

காந்தியடிகளுக்கு முன்னரே மகாத்மா என்னும் சிறப்புப் பெயரைப் பெற்றவர் ஜோதிராவ் பூலே (1827–1890). 1888இல் பம்பாயில் கூடிய மக்கள் அப்பெயரை அவருக்குச் சூட்டினர். 1848இல் அவரும் துணைவியார் சாவித்திரிபாயும் புணேயில் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கியமையும், அம்பேத்கர் தம் ஆசான் மூவருள் ஒருவராக அவரைப் போற்றியமையும் நம் வட்டத்தார் நன்கு அறிந்தவை. 1876 முதல் ஏறத்தாழ ஆறாண்டுகள் அவர் புணே நகரவையின் உறுப்பினராக வீற்றிருந்த செய்தியோ, வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது. அவ்வரிகளை விரித்துக் காண்பதே என் நோக்கம்.

பேஷ்வாக்களுக்குப் பூ வழங்கியதால் பூலே எனப் பெயர் பெற்ற தோட்டக்காரக் குடும்பம் அவருடையது. ஓராண்டு நிறையுமுன் தாயை இழந்தார். படிப்பை இடையில் நிறுத்திக் காய்கறித் தோட்டத்தில் உழைத்தவரை, அண்டை வீட்டார் இருவர் தந்தையிடம் பரிந்து பேசி மீண்டும் பள்ளிக்கு அனுப்பினர். பின்னாளில் கட்டுமான ஒப்பந்தக்காரராகிக் கடக்வாசலா அணை முதலிய பணிகளில் ஈடுபட்டார். பொதுப்பணியில் கூலியாளின் பணம் எங்ஙனம் கரைகிறது என்பதை நேரிற் கண்டு, எழுத்தர்களின் ஊழலைப் பாட்டிலும் வைத்துச் சாடினார். பொதுப்பணம் பற்றிய அவருடைய கூர்மை ஏட்டறிவால் வந்ததன்று.

அக்காலத்து நகரவையில் இடம் பெற அரசின் நியமனம் வேண்டும். மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தேரும் முறை, 1882இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானத்திற்குப் பின்னரே பரவலாயிற்று. எனவே அவையில் அமர்ந்தவர் பலர்க்கும் அப்பதவி ஓர் அணிகலன். பூலேவுக்கு அஃது அவ்வாறில்லை. தீண்டத்தகாதார் எனப்பட்டோர்க்குத் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை 1868லேயே திறந்துவிட்டவர் அவர். ஊரார் தண்ணீரும் ஊரார் பணமும் யாருக்கு என்னும் கேள்வியோடுதான் நகரவைக்குள் நுழைந்தார். நுழைந்த அவ்வாண்டே தக்காணத்தில் பெரும்பஞ்சம் தொடங்கியது. 1877இல் சத்திய சோதக சமாசத்தார் துணையுடன் பசித்த பிள்ளைகளுக்கு உணவளித்தார்.

1880இல் வைசிராய் லிட்டன் புணேக்கு வரவிருந்தார். வரவேற்பு அலங்காரத்திற்கென ஆயிரம் ரூபாய் செலவிட நகரவை முனைந்தது. பஞ்சத்தின் வடு ஆறாத காலம். அப்பணம் ஏழையர் கல்விக்குப் பயன்பட வேண்டும் என்பது பூலேவின் கருத்து. வாக்கெடுப்பில் முப்பத்திரண்டு உறுப்பினருள் எதிர்த்தவர் அவர் ஒருவரே. நியமித்த அரசின் தலைமைப் பேராளரை முன்னிட்ட செலவையே நியமனம் பெற்றவர் மறுத்தார் என்பது கருதத்தக்கது. தீர்மானம் நிறைவேறியது, அவர் தோற்றார். இத்தகைய தோல்விகளைக் கணக்கில் எழுத வரலாற்றாசிரியர்க்கு ஏனோ மனம் வருவதில்லை.

நகரில் மதுக்கடைகள் பெருகுவதை எதிர்த்து அதே ஆண்டில் நகரவைக்கு எழுதினார். துப்புரவுக்குப் பணம் செலவிடும் அவையே, குடும்பங்களைக் குலைக்கும் கடைகளைக் கண்டுகொள்ளாதிருத்தல் முரண் என்பது அவர் வாதம். 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் அளித்த சான்றில், பன்னிரண்டு வயது வரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்குமாறு வேண்டினார்.

நகரவை திட்டமிட்ட பெரிய அங்காடிக் கட்டடத்தையும் அவர் எதிர்த்தார். காய்கறி விற்றவரின் மகன் காய்கறி அங்காடியை எதிர்த்தது விந்தையாகத் தோன்றலாம். பெருந்தொகையைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் கொட்டுவதினும் பள்ளிகளுக்கு ஈவதே தகும் என்பது அவர் துணிபு. இதிலும் அவர் சொல் எடுபடவில்லை. அவர் அவையை விட்டு விலகிய பின், 1886இல், ஆளுநர் ரேயின் பெயரோடு அங்காடி எழுந்தது.

1888இல் பக்கவாதம் வலக்கையை முடக்க, இடக்கையால் எழுதித் தம் இறுதி நூலை முடித்தார். அது 1891இல், அவர் மறைவுக்குப் பின், வெளிவந்தது. 1938இல் புணே நகரவை அந்த அங்காடியின் பெயரை மாற்றியது. அவர் வேண்டாமென்று மறுத்த அக்கட்டடம் இன்றும் மகாத்மா பூலே மண்டை என்னும் பெயரில் காய்கறி விற்கிறது.