எல்லோருக்கும் ஒரே மரை தந்த விட்வொர்த்

ஒரு நட்டு கழண்டு விழுந்தா, கடையில அளவைச் சொல்லி வேற வாங்கி மாட்டிடுறோம். இந்த வசதிக்கு வழிகாட்டிய ஜோசப் விட்வொர்த் பற்றி நான் எழுதுகிறேன்.

இவர் 1803-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் என்னும் ஊரில் பிறந்தார். 14 வயதில், அதாவது என் வயசுல, உறவினரின் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கு நூலைவிட எந்திரங்கள் மேல்தான் ஆசை. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்பவரின் பட்டறையில் வேலை செய்தார். 1833-இல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை தொடங்கினார்.

அப்போது ஒவ்வொரு பட்டறையும் இஷ்டத்துக்கு மரை போட்டது. ஒரு பட்டறை போல்ட்டு இன்னொரு பட்டறை நட்டில் ஏறாது. ஒண்ணு தொலைஞ்சா, அதுக்குன்னே புதுசா செய்யணும். அதுவரை எந்திரம் சும்மா நிற்கும்!

விட்வொர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து அளந்தார். நாம கணக்குல போடுற சராசரியைத்தான் அவரும் போட்டார். 1841-இல் ஒரே முறையை அறிவித்தார். மரையின் கோணம் 55 டிகிரி. அரை அங்குல போல்ட்டு என்றால் ஓர் அங்குல நீளத்தில் 12 மரை. ரயில்வே கம்பெனிகளும் இதை ஏற்றுக்கொண்டன.

தன் பட்டறை அளவுதான் சரி என்று அவர் அடம்பிடிக்கவில்லை. எல்லாருடையதையும் அளந்து பொதுவாக ஒன்று சொன்னார். எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது.

1868-இல் எந்திரத் தொழில் படிக்கும் இளைஞர்களுக்காக உதவித்தொகை ஏற்படுத்தினார். 1887-இல் காலமானார். இன்று மில்லிமீட்டர் மரைகளே அதிகம். ஆனாலும் ஊருக்கெல்லாம் ஒரே அளவு என்ற அவருடைய வழியில்தான் பட்டறைகள் நடக்கின்றன.