பழைய ரட்ஜ் பைக்கும் ஜி.டி.நாயுடுவும்: செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோருக்கு ஒரு வாழ்க்கைக் கதை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல், ஷூ ஏற்றுமதித் துறையில் நல்ல சம்பளத்துக்கு வந்துவிட்ட ஒருவர், ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் போனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் விளம்பரங்களைப் புரட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூருவில் ஒரு வண்டி. ஆறு வயசு. மீட்டரில் கிலோமீட்டர் குறைவு. புதுசின் விலையில் பாதிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹைவேயைப் பிடித்தால் மதியத்துக்குள் போய்ப் பார்த்துவிடலாம்.

வாங்கலாமா, வேண்டாமா?

நூறு வருடங்களுக்கு முன்பு, கோவைப் பக்கத்துக் கிராமத்து இளைஞர் ஒருவருக்கும் கிட்டத்தட்ட இதே கேள்வி வந்தது. அன்று அது கார் இல்லை, பைக். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிப் பழசாக்கிய பைக். அதை வாங்கியவர்தான் பின்னாளில் கோவையின் அடையாளமான ஜி.டி.நாயுடு.

யார் இந்த ஜி.டி.நாயுடு?

கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட, சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு இவர் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது. முழுப்பெயர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. சூலூர் அருகே உள்ள கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23 அன்று விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்பக் கல்வியோடு படிப்பு நின்றுபோனது. வயல் வேலைதான் கதி என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள்.

அந்தக் கணக்கை மாற்றியது ஒரு மோட்டார் சைக்கிள்.

சாலையில் நின்ற வண்டி

இருபது வயது வாக்கில் ஒரு நாள், வருவாய்த் துறை அதிகாரியான வெள்ளைக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவதை துரைசாமி பார்த்தார். வண்டி பாதி வழியில் நின்றுபோனதாகவும், அதிகாரி இறங்கி அதைச் சரிசெய்ததை இவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் சொல்லப்படுகிறது. மாடும் குதிரையும் இல்லாமல் தானாக ஓடும் வண்டி அவர் மனசை விட்டுப் போகவே இல்லை.

அது 1912-ம் ஆண்டு தயாரிப்பான ரட்ஜ். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் சைக்கிள் செய்துகொண்டிருந்த நிறுவனம், 1911-ல்தான் மோட்டார் சைக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த சில வருடங்களிலேயே, 1914-ல், உலகின் கடினமான பைக் பந்தயங்களில் ஒன்றான ஐல் ஆஃப் மேன் டிடி-யின் சீனியர் பிரிவில் ரட்ஜ் வண்டி ஜெயித்தது. இன்றைய கண்ணுக்கு அது மியூசியத்துச் சரக்கு. அன்றைய கணக்கில் அது பந்தயப் பரம்பரை கொண்ட வேகமான வண்டி. இன்று ஒருவர் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து மயங்குவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மூன்று வருடச் சேமிப்பு

ஆசைப்பட்டதும் வாங்க அவரிடம் காசு இல்லை. வீட்டிலும் கேட்க முடியாது. துரைசாமி கோவைக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். சுமார் மூன்று வருடம் ஒவ்வொரு ரூபாயாகச் சேர்த்தார். பிறகு அந்த அதிகாரியிடமே போய், அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். விலை 300 ரூபாய் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் வருகிறது.

ஊரில் யாரிடமும் இல்லாத வண்டி அது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை இல்லை, பக்கத்தில் மெக்கானிக் இல்லை. அக்காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பின்சக்கரத்தைச் சுழற்றியது செயின் இல்லை, பெல்ட். மழை பெய்தால் அது வழுக்கும், ஓட ஓடத் தளரும். இன்ஜினுக்கு எண்ணெய் போவதைக்கூட ஓட்டுகிறவரே கவனித்துக் கைப்பம்பை அழுத்த வேண்டும். வாங்குகிற விலையைவிட வைத்திருக்கிற வேலைதான் பெரிசு.

இதுதான் துரைசாமி எடுத்த ரிஸ்க். மூன்று வருட உழைப்பு முழுக்க ஒரே பொருளில் போய்விட்டது. அது நின்றுவிட்டால், எல்லாம் போச்சு.

பிரித்துப் போட்டதில் என்ன கிடைத்தது?

வண்டி கைக்கு வந்ததும் ஊரைச் சுற்றிக் காட்டிப் பெருமைப்படுவதோடு அவர் நிற்கவில்லை. அக்குவேறு ஆணிவேறாகக் கழட்டினார். எது எதோடு சேர்கிறது என்று பார்த்து மறுபடி பூட்டினார். எந்தப் புத்தகமும் இல்லாமல் ஒரு இன்ஜின் எப்படி மூச்சுவிடுகிறது, எங்கே தீப்பொறி வருகிறது, எது தேய்கிறது, எது தேயாது என்பதெல்லாம் அப்படித்தான் அவருக்குப் பிடிபட்டது. ரட்ஜ் அவருக்கு வண்டியாக இருந்ததைவிடப் பள்ளிக்கூடமாக இருந்தது. 300 ரூபாய் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஃபீஸ்.

பணம் வந்தது, போனது

மெக்கானிக்காக ஆரம்பித்த வாழ்க்கை உடனே நேர்கோட்டில் ஏறிவிடவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பஞ்சு அரவைத் தொழிலில் இறங்கி நன்றாகச் சம்பாதித்தார். அந்தத் தைரியத்தில் பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரத்தில் பணத்தைப் போட்டார். அங்கே மொத்தமும் கரைந்தது. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

இயந்திரத்தைக் கழட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டவர், தனக்குப் பழக்கமில்லாத சந்தையில் அடிபட்டார். அடுத்து என்ன செய்வது என்று யோசித்தபோது, கைவசம் மிச்சம் இருந்தது ரட்ஜ் கற்றுக்கொடுத்த வேலை மட்டும்தான்.

ஒரு பஸ், பிறகு யுஎம்எஸ்

கோவையில் அப்போது பெரிய தொழிலதிபராக இருந்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவருடைய உதவியோடு 1920-ல் நாயுடு ஒரு பஸ்ஸை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். டிரைவரும் அவர்தான். வழியில் வண்டி நின்றால் இறங்கிச் சரிசெய்பவரும் அவர்தான்.

பைக்குக்கும் பஸ்ஸுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பைக் பணத்தைச் சாப்பிட்டது. பஸ் தன் பெட்ரோல், டயர் செலவை மட்டுமல்ல, அடுத்த பஸ்ஸுக்கான பணத்தையும் தானே சம்பாதித்தது. சில வருடங்களில் அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமானது. யுஎம்எஸ் பஸ் என்றால் நேரத்துக்கு வரும் என்று கொங்குப் பகுதியில் பெயர் எடுத்தது. பஸ்களைப் பராமரிக்க ஒர்க்‌ஷாப்பும் வளர்ந்தது. வெளியாளை நம்பாமல் தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்வது என்ற பழைய ரட்ஜ் பழக்கம், ஒரு கம்பெனியின் வேலைமுறையாகவே மாறிவிட்டது.

மோட்டார், ரேசர், இரண்டாயிரம் ரூபாய் கார்

அதற்குப் பிறகு நாயுடு கை வைக்காத பொருள் குறைவு. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரைக் கோவையில் உருவாக்கினார். பம்ப்செட், மோட்டார் என்றாலே கோவை என்று இன்று நாடு சொல்வதற்கு அது ஒரு தொடக்கம். ஐரோப்பா போய்வந்த அவர், பேட்டரியில் ஓடும் ‘ரசன்ட்’ என்ற ஷேவிங் ரேசரை வடிவமைத்தார். மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, முறைகேடு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வர முக்கியக் காரணமாக இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அதுதான். நான்கு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடம் போதும் என்று அவர் வாதாடினார். அரசு ஏற்கவில்லை. விலகிவிட்டார்.

1952-ல் பெட்ரோலில் ஓடும் இரண்டு சீட் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். விலை வெறும் 2,000 ரூபாய். நடுத்தரக் குடும்பங்கள் கைக்கெட்டும் விலை என்று அவர் நினைத்தார். ஆனால் தயாரிக்க அரசு லைசென்ஸ் கிடைக்கவில்லை. அந்த லைசென்ஸ் காலத்தில் யார் எதைத் தயாரிக்கலாம் என்பதை டெல்லிதான் முடிவு செய்தது. ஒரு வண்டியைப் பார்த்து ஏங்கிய சாதாரண இளைஞராக இருந்தவருக்கு, தன்னைப் போன்றவர்களுக்கு ஒரு வண்டியைக் கொடுக்க முடியாமல் போனது பெரிய அடி. 1974 ஜனவரி 4 அன்று காலமானார். அவர் குடும்பத்தினர் 2015-ல் கோவையில் திறந்த ஜீடீ கார் மியூசியத்தில் பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன.

அப்போ, ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா?

நாயுடு வாங்கிய ரட்ஜை ஸ்பேனரை வைத்துக்கொண்டு கழட்டலாம். இன்றைய ஸ்போர்ட்ஸ் காரின் மூளை கம்ப்யூட்டர். வீட்டு வாசலில் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. அதனால் அவர் கைகளால் செய்ததை இன்று வேறு வழியில் செய்ய வேண்டும்.

முதலில், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒர்க்‌ஷாப்பில் வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனர் மாட்டிப் பார்க்க வேண்டும். கிளட்ச், பிரேக் டிஸ்க், டர்போ, சஸ்பென்ஷன் ஆகியவைதான் இந்த வகை வண்டிகளில் பணத்தை விழுங்குபவை. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண், அது தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். டயரில் பட்டன் நிறைய இருந்தாலும் வயசானது வயசானதுதான். வேகமான வண்டிக்கு அது ஆபத்து. வாங்குகிற விலையில் ஒரு பங்கை முதல் வருடப் பராமரிப்புக்கென்று தனியாக எடுத்துவைக்க முடியாவிட்டால், அந்த வண்டி அந்த பட்ஜெட்டுக்கு ஒத்துவராது.

அடுத்தது காகிதம். ஆர்சி-யில் லோன் இருந்தால், பேங்க்கில் அடைத்து ஃபார்ம் 35 வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. கர்நாடகாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு நிரந்தரமாகக் கொண்டுவந்தால் அந்த ஆர்டிஓ-வின் தடையில்லாச் சான்றும், இங்கே மறுபதிவும், வாகன வரியும் உண்டு. மலிவாகத் தெரிந்த வண்டி இந்த வரியைச் சேர்த்தால் மலிவில்லாமல் போகலாம். இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பாக்கி அபராதங்களை பரிவாஹன் தளத்தில் பார்த்துவிடலாம்.

கடைசியாக, ஆம்பூர்க்காரர்களுக்கு மட்டும் கூடுதலாகக் கைகொடுக்கும் ஒரு வித்தை: சீட்டைப் பாருங்கள். டிரைவர் சீட்டின் வெளிப்பக்க ஓரம்தான் ஏறி இறங்கும்போது முதலில் தேயும். ஸ்டியரிங் வீலில் கை படும் இடம் வழவழத்துப் பளபளக்கும். மீட்டரில் 18,000 கிலோமீட்டர், சீட் ஓரத்தில் வெடிப்பு என்றால் இரண்டில் ஒன்று பொய். மேலே புதுசாகக் கலர் பூசி மறைத்திருந்தாலும், தோலின் அசல் மேற்பரப்புக்கும் ஃபினிஷ் அடித்த மேற்பரப்புக்கும் உள்ள வித்தியாசம், அந்தத் தொழிலில் இருப்பவர் விரலுக்குத் தெரிந்துவிடும். ஸ்கேனரால் பிடிக்க முடியாததை அந்த விரல் பிடிக்கும்.

எல்லாம் சரியாக இருந்து வாங்கிவிட்டால், வேகத்தைச் சோதிக்க ஹைவே இடமில்லை. அதே சாலையில் சென்னைப் பக்கம் போனால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடமே இருக்கிறது.

நாயுடு தன் ரட்ஜுக்காக மூன்று வருடம் காத்திருந்தார். போனில் பார்த்த வண்டிக்காக, ஒர்க்‌ஷாப் ரிப்போர்ட் வரும்வரை ஒரு வாரம் காத்திருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.