திப்பு சுல்தான்

திப்பு சுல்தான் (இறப்பு: மே 4, 1799) 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மைசூர் அரசை ஆண்ட மன்னர் ஆவார். ஐதர் அலியின் மூத்த மகன். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் நான்கு மைசூர்ப் போர்களிலும் போரிட்டவர். இரும்புக் குழாயால் ஆன ஏவூர்திகளை (ராக்கெட்) பெருமளவில் செய்து, அவற்றுக்கெனத் தனிப் படைப்பிரிவுகளை அமைத்தவர் என்பதால் ஏவூர்தித் தொழில்நுட்ப வரலாற்றில் அவருக்கு நிலையான இடம் உண்டு. தஞ்சாவூர்ப் பகுதியில் அவரும் அவருடைய தந்தையும் வேறொரு காரணத்துக்காக நினைவுகூரப்படுகின்றனர். இக்கட்டுரை இவ்விரண்டையும் மையமாகக் கொண்டு அவருடைய வாழ்க்கையை விவரிக்கிறது.

இளமை

திப்பு இன்றைய பெங்களூருக்கு வடக்கே உள்ள தேவனஹள்ளியில் பிறந்தார். அவர் பிறந்த நாள் நவம்பர் 20, 1750 என்று நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்தது. 1751 டிசம்பர் என்று கொள்ளும் ஆய்வாளர்களும் உள்ளனர். தாயார் பெயர் பக்ருன்னிசா. ஆற்காட்டில் அடக்கமாகியுள்ள திப்பு மஸ்தான் அவுலியா என்னும் சூஃபிப் பெரியவரின் நினைவாகவே குழந்தைக்குத் திப்பு என்று பெயரிடப்பட்டது.

ஏவூர்தியுடன் இக்குடும்பத்துக்கு இருந்த தொடர்பு திப்புவிடம் தொடங்கியதன்று. அவருடைய பாட்டனார் பத்தே முகம்மது, ஆற்காட்டு நவாபின் படையில் 50 ஏவூர்தி வீரர்களுக்குத் தலைவராக இருந்ததாகக் கூறப்படுகிறது. ஐதர் அலி காலத்தில் இவ்வீரர்களின் எண்ணிக்கை சுமார் 1,200 ஆகவும், திப்புவின் காலத்தில் சுமார் 5,000 ஆகவும் உயர்ந்தது. திப்பு தம் பதின்ம வயதிலேயே, முதலாம் மைசூர்ப் போரின்போது (1767-1769), குதிரைப்படையுடன் சென்னையின் புறநகர் வரை வந்து திரும்பினார்.

ஏவூர்தியின் அமைப்பு

வாணம் இந்தியாவுக்குப் புதியதன்று. கோயில் திருவிழாக்களில் விடப்படும் வாணத்துக்கும் மைசூர் ஏவூர்திக்கும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே. குழாய்க்குள் வெடிமருந்து எரிகிறது. உண்டாகும் வளிமம் பின்பக்கத் துளை வழியே விரைந்து வெளியேறுகிறது. அதன் எதிர்விசையால் குழாய் முன்னே பாய்கிறது. தாரை (ஜெட்) எந்திரங்களும் இதே எதிர்விசையால்தான் உந்தப்படுகின்றன. வேறுபாடு என்னவெனில், தாரை எந்திரம் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து உறிஞ்சுகிறது. ஏவூர்திக்குத் தேவையான உயிர்வளி வெடிமருந்தில் உள்ள வெடியுப்பிலேயே அடங்கியிருக்கிறது.

மைசூர்க் கைவினைஞர்கள் செய்த மாற்றம் குழாயில்தான் இருந்தது. அக்காலத்து ஐரோப்பிய ஏவூர்திகள் பெரும்பாலும் தாள் அட்டையால் ஆனவை. மைசூரில் அடித்துத் தட்டிய தேனிரும்பால் குழாய் செய்யப்பட்டது. தாள் அட்டை தாங்காத உள்ளழுத்தத்தை இரும்பு தாங்கும். ஆகையால் மருந்தை இறுக்கமாக இடித்து நிரப்ப முடிந்தது. அழுத்தம் கூடினால் வளிமம் வெளியேறும் வேகம் கூடும், வீச்சும் கூடும். இவை ஒரு கிலோமீட்டருக்கு மேல், சில சமயம் இரண்டு கிலோமீட்டருக்கும் அப்பால் சென்றதாக மதிப்பிடப்படுகிறது.

இலண்டனை அடுத்த வூலிச் பீரங்கிப்படை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்ட இரண்டு ஏவூர்திகளின் அளவுகள் பதிவு செய்யப்பட்டுள்ளன. ஒன்றின் குழாய் சுமார் 58 மில்லிமீட்டர் விட்டமும் 254 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. அது ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான வாள் அலகுடன் தோல் வாரால் கட்டப்பட்டிருந்தது. மற்றொன்று சற்றுச் சிறியது, அதனுடன் 1.9 மீட்டர் நீள மூங்கில் கழி பிணைக்கப்பட்டிருந்தது.

நிலைப்பாடு

ஏவூர்தியைப் பறக்கச் செய்வதைக் காட்டிலும் நேராகப் பறக்கச் செய்வதே கடினம். தீபாவளி ராக்கெட்டின் குச்சியை உடைத்துவிட்டுக் கொளுத்திப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பறக்கும் பொருளின் எடை முழுவதும் ஈர்ப்பு மையத்தில் செயல்படுவதாகக் கொள்ளலாம். அதுபோல அதன்மீது மோதும் காற்றின் விசை அழுத்த மையம் என்னும் புள்ளியில் செயல்படுகிறது. அழுத்த மையம் ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருந்தால், ஏவூர்தி சற்றே விலகும்போது காற்று அதன் வாலைத் தள்ளி மீண்டும் நேராக்கும். முன்னால் இருந்தால் அதே காற்று விலகலை மேலும் பெருக்கிக் குட்டிக்கரணம் அடிக்கச் செய்யும்.

குட்டையான இரும்புக் குழாய் தனியே நிலைப்பாடு அற்றது. அதனுடன் நீண்ட மூங்கிலைக் கட்டும்போது எடை அதிகம் கூடாமல் வால்பரப்பு கூடுகிறது. அழுத்த மையம் வெகுவாகப் பின்னுக்குச் செல்கிறது. உறுதி, நேர்த்தன்மை, எடைக்குறைவு ஆகிய மூன்றும் ஒன்றுசேர மூங்கிலில் கிடைத்தன. வாள் அலகு கட்டப்பட்டவை இவ்வளவு சீராகப் பறக்கவில்லை. அவை இலக்கை நெருங்கும்போது சுழன்று விழுந்து, வாளே ஆயுதமாகச் செயல்பட்டது.

எனினும் குறைகள் இருந்தன. கழி குழாயின் பக்கவாட்டில் கட்டப்பட்டதால் உந்துவிசையின் கோடு ஈர்ப்பு மையத்தின் வழியே சரியாகச் செல்லவில்லை, பாதை வளைந்தது. புறப்பட்ட கணத்தில் வேகம் குறைவாதலால் காற்று வாலைத் திருத்தும் விசையும் குறைவு. பக்கக் காற்று வீசினால் வால் காற்றோடு தள்ளப்பட்டு முனை காற்றை நோக்கித் திரும்பிவிடும். ஆகவே தனி இலக்கைக் குறிபார்த்து அடிக்க இவை பயன்படவில்லை. குதிரைக் கூட்டம், வெடிமருந்து வண்டிகள், இரவு முகாம் போன்ற பரந்த இலக்குகள் மீது மொத்தமாக விடப்பட்டன. சக்கர வண்டிகளில் பொருத்திய ஏவுசாதனங்களும் பயன்பட்டன. திப்புவின் ஆணைப்படி எழுதப்பட்ட பதுல் முஜாகிதீன் என்னும் படைநூல் ஒவ்வொரு கசூனுக்கும் (படையணி) 200 ஏவூர்தி வீரர்களை ஒதுக்கியது.

பொள்ளிலூர்

1780 சூலையில் ஐதர் அலி பெரும்படையுடன் கணவாய்களைக் கடந்து ஆற்காட்டுப் பகுதிக்குள் புகுந்தார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் தலைமையில் இருந்த ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட கம்பெனிப் படை முறியடிக்கப்பட்டது. இப்போரில் திப்பு முதன்மைப் பங்கு வகித்தார். ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததே திருப்புமுனையாக அமைந்தது. அவற்றை வெடிக்கச் செய்தது ஏவூர்தியா பீரங்கிக் குண்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஏவூர்தி என்று உறுதியாகக் கூறும் பிற்கால எழுத்துகளைச் சற்று எச்சரிக்கையுடனேயே கொள்ள வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784இல் கட்டப்பட்ட தாரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தில் இவ்வெடிப்புக் காட்சி இடம்பெற்றுள்ளது.

தஞ்சாவூரும் ஐதர் கலாபமும்

1781இல் போர் காவிரிப் படுகைக்குப் பரவியது. அப்போது தஞ்சாவூரை மராட்டிய மன்னர் இரண்டாம் துளஜா ஆண்டு வந்தார். அவர் கம்பெனியின் பாதுகாப்பில் இருந்தார். தஞ்சைக் கோட்டை நீங்கலாக நாட்டின் பெரும்பகுதி மைசூர்ப் படையின் வசமானது. ஊர்கள் எரிந்தன, கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன, பாசன அமைப்புகள் சிதைந்தன. உழுவதற்கு மாடும் இல்லை, ஆளும் இல்லை. நெற்களஞ்சியம் எனப்பட்ட நாட்டில் பஞ்சம் வந்தது. கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தவர்கள் பட்டினியால் இறந்தனர். அங்கு வாழ்ந்த செருமானிய மதப்பரப்புநர் சுவார்ட்சு நெல் திரட்டிப் பகிர்ந்தளித்தார். இவர் 1779இல் கம்பெனியின் தூதராக ஐதர் அலியை நேரில் சந்தித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. சிறுவர்கள் பெருந்தொகையில் மைசூருக்குக் கொண்டு செல்லப்பட்டதையும் அவர் பதிவு செய்துள்ளார். இக்காலம் தஞ்சைப் பகுதி மக்களிடையே ஐதர் கலாபம் என்னும் பெயரால் பல தலைமுறைகளுக்கு நினைவில் இருந்தது.

1782 பெப்ரவரியில் கர்னல் பிரைத்வெயிட் சுமார் 2,000 பேருடன் கும்பகோணத்துக்கு அருகே கொள்ளிடக் கரையில் அன்னகுடி என்னுமிடத்தில் முகாமிட்டிருந்தார். பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அவரைப் பன்மடங்கு பெரிய படையுடன் திப்பு சூழ்ந்தார். லாலி என்பவரின் கீழ் இருந்த பிரெஞ்சு வீரர்களும் உடன் வந்தனர். சமவெளியில் ஒளிவதற்குக் குன்றோ காடோ இல்லை. பிரைத்வெயிட் தம் வீரர்களைச் சதுரமாக நிறுத்தி ஒரு நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தார். இறுதியில் பெப்ரவரி 18 அன்று எஞ்சியவர்கள் சரணடைந்தனர். பிரைத்வெயிட் 1784 வரை சிறையிலிருந்தார். திப்புவின் தனித் தலைமையில் கிடைத்த முதல் பெரிய வெற்றிகளுள் இதுவும் ஒன்று. முடிவைத் தீர்மானித்தவை எண்ணிக்கையும் முற்றுகையும்தான்; எந்தப் புதிய ஆயுதமும் அன்று.

ஆட்சி

ஐதர் அலி டிசம்பர் 7, 1782 அன்று சித்தூருக்கு அருகே காலமானார். மலபாரில் இருந்த திப்பு விரைந்து வந்து பொறுப்பேற்றார். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையுடன் போர் முடிந்தது. அவருடைய ஆட்சியில் புதிய நாணயங்களும் நாட்காட்டியும் வந்தன, பட்டுத்தொழில் ஊக்குவிக்கப்பட்டது. குடகிலும் மலபாரிலும் அவருடைய படையெடுப்புகள் கொடுமையானவை என்றே நினைவில் நிற்கின்றன. 1790-1792 போரில் தோற்று, நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க இணங்கினார். இரு மகன்கள் பிணையாக அனுப்பப்பட்டனர். திண்டுக்கல், பாரமகால் ஆகிய தமிழ்ப் பகுதிகள் அப்போது மைசூரின் கையைவிட்டுப் போயின.

இறுதிப் போர்

1799 ஏப்ரல் 5 இரவில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்பில் ஆர்தர் வெல்லெசுலியின் படை ஏவூர்தி, துப்பாக்கித் தாக்குதலுக்கு உள்ளாகிக் குழப்பத்துடன் பின்வாங்கியது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் அத்தோப்பு எளிதாகவே கைப்பற்றப்பட்டது. பிற்காலத்தில் நெப்போலியனை வாட்டர்லூவில் வென்றவர் இவரே. மே 2 அன்று முற்றுகைப் பீரங்கியின் குண்டு பட்டுக் கோட்டைக்குள் ஏவூர்திகள் இருந்த கிடங்கு வெடித்தது. மே 4 பிற்பகலில் கோட்டை வீழ்ந்தது. திப்பு வாயிலருகே போரிட்டு இறந்தார். தாக்குதலை நடத்திய பெயர்டு, பொள்ளிலூரில் பிடிபட்டு அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவர்.

பிற்கால வளர்ச்சி

கோட்டையில் 600 ஏவுசாதனங்களும், பயன்படுத்தத்தக்க 700 ஏவூர்திகளும், 9,000 வெற்றுக் குழாய்களும் கிடைத்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. சில இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. வில்லியம் காங்கிரீவ் வூலிச்சில் 1804 முதல் தம் சோதனைகளை நடத்தி இரும்புக்குழாய் ஏவூர்திகளை உருவாக்கினார். அவை 1806இல் பூலோன் துறைமுகத்தின் மீதும் 1807இல் கோபன்கேகன் மீதும் ஏவப்பட்டன. கழியைப் பக்கவாட்டில் கட்டுவதன் குறையை அவர் 1815இல்தான் நீக்கினார். கழி குழாயின் அடிப்பகுதியில் நடுவே பொருத்தப்பட்டது, வளிமம் அதைச் சுற்றிலும் இருந்த துளைகள் வழியே வெளியேறியது. 1844இல் வில்லியம் ஹேல் கழியையே நீக்கி, ஏவூர்தியைத் தன்னச்சில் சுழலச் செய்து நிலைப்பாட்டைப் பெற்றார்.

1960களில் அமெரிக்காவின் வாலப்சு ஏவுதளத்துக்குச் சென்ற அப்துல் கலாம், அங்கே மைசூர் ஏவூர்தி வீரர்களைக் காட்டும் ஓவியம் ஒன்றைக் கண்டதைத் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். 2018இல் கருநாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் நகர என்னும் ஊரில், தூர்ந்த கிணறு ஒன்றிலிருந்து திப்பு காலத்தவை எனக் கருதப்படும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் குழாய்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அவற்றுள் வெடிமருந்தின் எச்சம் இருந்தது.