உழவரை உயர்த்திய தூரிகை

சீமான்களை வரைந்தால் மடி நிறையும். சேற்றில் நிற்போரை வரைந்தால் வயிறு காயும். தெரிந்தே இரண்டாவது வழியில் நடந்தவர் ஓவியர் காமில் பிசாரோ.

1830-இல், டென்மார்க் ஆட்சியிலிருந்த செயின்ட் தாமஸ் தீவில், யூத வணிகர் குடும்பத்தில் பிறந்தார். கடைக்கணக்கு அவரைக் கட்டிப்போடவில்லை. 1855-இல் பாரிஸ் வந்தார். தாயின் வீட்டில் பணிப்பெண்ணாயிருந்த ஜூலி வெல்லேயைத் துணைவியாக ஏற்றார். ஜூலி, பர்கண்டிப் பகுதிக் குடியானவரின் மகள். பெற்றோர் எதிர்த்தனர், பிசாரோ அசையவில்லை.

1870-இல் போர் மூண்டது. குடும்பத்தோடு லண்டன் சென்றார். 1871-இல் அங்கே திருமணம் முடித்துத் திரும்பினார். வீட்டில் தங்கியிருந்த பிரஷ்யப் படையினர் ஓவியங்களைப் பாழாக்கியிருந்தனர். மிஞ்சியவை சிலவே. மனம் உடைந்தாரா? இல்லை. மீண்டும் வரைந்தார்.

1874-இல் இம்ப்ரஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி. உழுத வயலில் விறகு சுமந்து நடப்பவனைக் காட்டும் அவரது படத்தைப் பத்திரிகை எள்ளி நகையாடியது. ஆயினும் 1886 வரை நடந்த எட்டுக் கண்காட்சிகளிலும் பங்கேற்றவர் அவர் ஒருவரே!

பொந்துவாசிலும், 1884 முதல் எராஞி சிற்றூரிலும் வாழ்ந்து அவர் கண்டது என்ன? குடியானவர் வெறும் முதுகெலும்பல்லர். முகமுள்ள மனிதர் என்பதே. 1881-இல் அவர் வரைந்த ஒரு சிறுமி, கையில் குச்சியோடு சும்மா அமர்ந்திருக்கிறாள். இன்னொருத்தி சன்னலோரம் காப்பி அருந்துகிறாள். சீமாட்டிகளுக்கே உரியதாயிருந்த ஓய்வை உழைக்கும் பெண்ணுக்கு உரிமையாக்கினார் அவர். அரசும் முதலாளியும் இல்லாத சமுதாயத்தை விரும்பியவரல்லவா! நகரத்து வறுமையையும் பணக்காரரின் கொடுமையையும் 1889-இல் 28 சித்திரங்களாகத் தீட்டினார். சினத்தை அங்கே கொட்டினார். வயலில் வரைந்ததோ வரவேண்டிய வாழ்வை என்றே நாம் கொள்கிறோம்.

ஆனால் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. படங்கள் விலைபோகாத ஆண்டுகளில், தோட்டத்தில் பயிரிட்டுப் பிள்ளைகளின் பசியாற்றியவர் ஜூலி. ஓவியத்திலே குடியானவப் பெண் அமர்ந்திருந்தாள்; வீட்டிலே குடியானவரின் மகளுக்கு அமர நேரமில்லை.

1903-இல் பாரிசில் பிசாரோ மறைந்தார். இன்று அவர் படங்களை உலகக் கலைக்கூடங்கள் போற்றிக் காக்கின்றன. தூரிகை பிடித்த கையைப் புகழ்வோம். அதற்குச் சோறிட்ட கையையும் மறவோம்!